ஓடிப்போகும் பழக்கம் உடையவள்

என்ரை ஜோஸ்லின் அக்காவுக்கு,

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தெரிந்துகொண்டுதான் தமிழில் எழுதுகிறேன். முப்பது வருடம் பாரிசில் இருந்தும் என் பிரெஞ்சு, ப்ரெஃபெக்ச்சர் கந்தோரில் வதிவிட கார்த் புதுப்பிக்கவும், கடைக்கு வருபவரிடம் நாளைக்கு வாருங்கள் என்று சொல்லவும் மட்டும்தான் காணும். மனதில் கிடப்பதைச் சொல்ல அது காணாது. நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில் மொழி ஒரு பிரச்சினையாக இருக்காது என்று நினைக்கிறேன். இருந்தால் உங்கள் ரொசாலியிடம் கேளுங்கள். ஒரு சொல்லும் விளங்காத ஊரில் இறக்கிவிடப்பட்டு, அந்த மொழியைத் தானே பிடித்துக்கொண்டவள் அவள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நாங்கள் கதைத்ததெல்லாம் பிரெஞ்சில்தான். ஆனால் நினைத்துப் பார்க்கும்போது நீங்கள் நல்ல யாழ்ப்பாணத் தமிழில் கதைத்ததாகத்தான் எனக்குக் கேட்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன், சிரிக்காதீர்கள்.

எங்கள் ரூ காய் தெரு நீங்கள் விட்டுப்போன மாதிரியேதான் இருக்கிறது. எங்கள் அச்சுக்கடைக்கு முன்னால் இப்போதும் வானை இரட்டை வரிசையில் நிறுத்திவிட்டுச் சண்டை பிடிக்கிறார்கள். நீங்கள் வெண்டிக்காயை ஒவ்வொன்றாக நுனி உடைத்துப் பார்த்து வாங்குவீர்களே, அந்த மரக்கறிக் கடை அண்ணை போன மாதம் என்னை மறித்தார். "தம்பி, அந்தக் குவாதலூப் அம்மா எங்கை, கனநாளாக் காணேல்லை?" என்றார். சொன்னேன். மனிசன் கையில் எடுத்த வெண்டிக்காயைத் திரும்பக் கூடையில் வைத்தார். பிறகு, "இனி ஆர் என்னோட சண்டை பிடிக்கிறது?" என்று கேட்டார். உங்களைப் பற்றி எத்தனை பேர் எத்தனை நல்ல சொல் சொன்னாலும், எனக்கு அந்தக் கேள்விதான் பிடித்திருக்கிறது.

நீங்கள் முதன்முதல் எங்கள் கடைக்கு வந்ததும் அந்த வெண்டிக்காய்ப் பையோடுதான். ஐந்து வருடத்துக்கு முன்பு, கொஞ்சம் பழைய தாள்களைப் போட்டோகொப்பி எடுக்க வந்தீர்கள். பத்தொன்பது வயதில் கரீபியன் தீவான குவாதலூப்பிலிருந்து வந்து, ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கித் திருப்பிக் கழுவியே நாற்பது வருடம் கழித்து, பென்சன் எடுத்தவர் நீங்கள். மெஷின் சூடாகும்வரை சும்மா நிற்க உங்களுக்கு ஏலாது. தட்டில் மாதிரிக்கு வைத்திருந்த ஒரு புத்தகத்தை எடுத்தீர்கள்.

"உதென்ன, கலியாணப் புத்தகமோ?"

"இல்லை, செத்தவீட்டுப் புத்தகம். கல்வெட்டு எண்டு சொல்லுவம்" என்றேன். எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்கெல்லாம் இப்படி ஒரு புத்தகம் கொடுப்போம், படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, கடைசியில் வம்சாவளி எல்லாம் இருக்கும் என்று விளங்கப்படுத்தினேன். உங்கள் கையில் இருந்தது என் அப்பாவின் கல்வெட்டு. நானே எழுத்துக் கோத்து, நானே அச்சடித்தது.

வம்சாவளிப் பக்கத்தில் விரல் வைத்து ஒவ்வொரு பெட்டியாக மேலே போனீர்கள். எட்டுத் தலைமுறை.

"எட்டு! இவ்வளவு பேரின்ரை பேரும் உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம். எல்லா வீட்டிலையும் எழுதி வைச்சிருப்பினம்."

நீங்கள் அந்தப் பக்கத்தை மூடவே இல்லை. எனக்கும் இப்படித்தான் ஒன்று வேண்டும், இதே மாதிரி, இதே தாமரைக் கரையோடு என்றீர்கள். பிறகு வம்சாவளிக்கு மேலே தடித்த எழுத்தில் இருந்த ஒரு வரியைத் தொட்டு, "இதில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டீர்கள்.

"நல்ல குடும்பம் எண்டு எழுதியிருக்கு" என்றேன்.

அக்கா, அந்தப் பதிலை மறக்காமல் வைத்திருங்கள். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

நீங்கள் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. எங்கள் வீட்டில் வம்சாவளி அலுமாரியில் இருந்தது. நீங்கள், எங்கள் கடைக்கு வருமுன்பே தொடங்கி, ஒன்பது வருடம் தேடினீர்கள். ஆவணக்காப்பகத்தின் திரையில் பழைய கையெழுத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்துக் கண் நொந்து, கண்ணாடி இரண்டு தரம் மாற்றினீர்கள். அம்மா, அம்மாவின் அம்மா என்று போய், அடிமைகளை விடுதலை செய்த ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டுக்கு வந்தபோது முட்டிக்கொண்டு நின்றீர்கள். அதற்கு முன் உங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயரே இல்லை. இருக்கிற பெயரும், விடுதலையான அன்று மேசைக்குப் பின்னால் இருந்த ஒரு கிளாக்கர் வாயில் வந்ததை எழுதிக் கொடுத்தது. நட்டஈடும் கொடுத்தார்கள், அடிமைகளாக இருந்தவர்களுக்குக் கொடுக்கவில்லை, வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். இதை நீங்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. மாறிச் சொல்லுகிறீர்கள் என்று நினைத்தேன்.

"மாறிச் சொல்லேல்லை குகன். நட்டம் அவையளுக்குத்தானாம்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். உங்களைத் தவிர வேறு யாரும் அந்த இடத்தில் சிரித்திருக்கமாட்டார்கள்.

முட்டிக்கொண்டதும் மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். நீங்கள் ஆட்களைத் தேடுவதை நிறுத்திவிட்டு, ஆட்களை வைத்திருந்தவனின் தாள்களைத் தேடத் தொடங்கினீர்கள். ஒரு கரும்புத் தோட்ட முதலாளி செத்தபோது, பத்திரம் எழுதுகிற நொத்தாரிஸ் எழுதிய சொத்துப் பட்டியல் அகப்பட்டது. அதன் போட்டோகொப்பியைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தது ஞாபகம் இருக்கிறதா? முதலில் பாணி காய்ச்சும் செப்புக் கிடாரங்கள். பிறகு கோவேறு கழுதைகள், ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்டு. கழுதைகளுக்குப் பிறகு மனிதர்கள். அதில் ஒரு வரி: ரொசாலி, கொங்கோ, வயது முப்பது அளவில், ஒரு காது இல்லை, ஓடிப்போகும் பழக்கம் உடையவள்.

அந்தத் தாள்களில் தாயின் பெயருக்குக் கீழே பிள்ளை என்று எழுதியிருந்ததைப் பிடித்துக்கொண்டு மேலே போனால், உங்கள் அம்மாவழியில் எட்டாவது ஆள் அவள். தாய் அவளுக்கு வைத்த பெயர் ரொசாலி இல்லை, அந்தப் பெயர் கடலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. கொங்கோ என்பதும் கப்பல் ஏற்றிய பக்கத்தை வைத்துக் குத்துமதிப்பாக எழுதியதுதான் என்றீர்கள். இருந்தும் எட்டுத் தலைமுறை வந்துவிட்டது. "உம்மட அப்பாவுக்குச் சரிசமன்!" என்று மேசையில் தட்டினீர்கள். உங்களுக்கு இருந்த சந்தோசத்தைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர் லொத்தோச் சீட்டு விழுந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் நான் அந்தப் பிழையைச் செய்தேன்.

இதை எங்கள் தொழில் தெரிந்தவர்களுக்குத்தான் விளங்கும். கல்வெட்டு அடிக்க வருகிறவர்களில் பாதிப் பேர், தாளை நீட்டும்போதே குரலைத் தாழ்த்துவார்கள். "தம்பி, இந்தப் பெட்டி வேண்டாம், அவள் வேற இடத்தில கட்டினவள்." "இந்தப் பெரியப்பாவை எடுத்துவிடுங்கோ, அது ஒரு சோலி." நானும் ஒன்றும் கேட்காமல் எடுத்துவிட்டு, இடைவெளி தெரியாதபடி ஒரு தாமரைப் பூவை வைத்துவிடுவேன். எத்தனையோ பேரை அப்படிப் பூவுக்குக் கீழே புதைத்த கை இது. கேட்காமலே செய்கிற அளவுக்குப் பழகிவிட்டது. உங்கள் தாளில் ஒவ்வொரு பெயருக்குக் கீழும் நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ரொசாலிக்குக் கீழே அந்தப் பட்டியலின் வரி அப்படியே இருந்தது, முதல் சொல்லாக அடிமை என்று நீங்கள் சேர்த்ததோடு. நீங்கள் எழுதும்போது கவனிக்கவில்லை போல, சொந்தக்காரர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று நானே முடிவெடுத்தேன். வரியைத் தூக்கிவிட்டு, "ரொசாலி, ஆபிரிக்கா" என்று மட்டும் போட்டு, பக்கத்தில் இரண்டு பூ வைத்தேன். நாற்பது பிரதி அடித்தேன். வடிவாக வந்திருக்கிறது என்று எனக்குப் பெருமை வேறு.

நீங்கள் வந்து வாசித்தீர்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, திரும்ப வாசித்தீர்கள்.

"குகன், ரொசாலி எங்கை?"

"இஞ்சை, மேலை."

"இது ஆரோ ஒரு ரொசாலி. ஓடினவளை ஏன் எடுத்தனீர்?"

"உங்களுக்கு வெக்கமா இருக்குமெண்டு நினைச்சன்."

"ஆருக்கு வெக்கம்?" என்று கேட்டீர்கள்.

சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் தப்பியிருப்பேன். கடையின் ஒரே முக்காலியை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, ஓடிப்போன அடிமைக்குப் பிரான்சு ராசா எழுதி வைத்த சட்டத்தை எனக்குச் சொன்னீர்கள். ஒரு மாதம் காணாமல் போனால் காதை வெட்டித் தோளில் சூட்டுக்குறி. இரண்டாம் தரம் காலின் பின்நரம்பை வெட்டி மற்றத் தோளில் குறி. மூன்றாம் தரம் சாவு. "சட்டத்தில இரண்டு காது. இவளுக்கு ஒண்டை விட்டிருக்கினம். சொல்லுற வேலை காதில விழவேணுமெல்லோ" என்றீர்கள். பிறகு விரலை நீட்டினீர்கள். "ஒரு காது இல்லையெண்டா, ஒருக்கால் ஓடிப் பிடிபட்டவள். பழக்கம் எண்டு எழுதினா, காது போன பிறகும் ஓடியிருக்கிறாள். காலை வெட்டுவாங்கள் எண்டு தெரிஞ்சு ஓடியிருக்கிறாள், குகன். அவன் குற்றமெண்டு எழுதினான். எனக்கு அவள் விட்டுப்போன சொத்து அந்த ஒரு வரிதான். அதைப்போய்ப் பூவால மூடி வைச்சிருக்கிறீர்."

அக்கா, எனக்கு அழுகை வந்தது. நீங்கள் அதைக் கண்டும் காணாத மாதிரி, "சரி, திருப்பி அடியும். நானும் வாறன் உதவிக்கு" என்று எழும்பிப் போனீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக் கதவைச் சாத்திவிட்டு இருவரும் நாற்பது பிரதியையும் மடித்து ஸ்டேப்ளர் ஊசி அடித்தோம். உங்கள் ஊரில் கொலொம்போ என்று சொல்லுகிற கறியை எங்கள் கறித்தூளில் சமைத்து ஒரு சட்டி கொண்டு வந்திருந்தீர்கள். "உங்கட தூள் கோபக்காரத் தூள்" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே நீங்களே இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டீர்கள். மடிக்க மடிக்கக் கதை சொன்னீர்கள். கரும்பாலையில் நித்திரை தூங்கி விழுகிறவர்களின் கை உருளைக்குள் போய்விடுமாம். ஆலையை நிறுத்த நேரம் இல்லை, கையை வெட்டிவிடப் பக்கத்திலேயே கோடரி வைத்திருப்பார்களாம். ஓடுகிறவர்கள் காட்டுக்குள் புகமுடியாதபடி கழுத்தில் முள்ளு வைத்த இரும்பு வளையம் போடுவார்களாம். பிள்ளை பிறந்தாலும் அது தாயுடையது இல்லையாம், தாயின் எசமானுடைய பட்டியலில் ஒரு வரியாம். ரொசாலியின் மகளும் அப்படித்தான், தாயின் பெயருக்குக் கீழே, "மகள், வயது மூன்று" என்று இருந்தாள்.

அந்த மகளை நினைத்துத்தான் ரொசாலி ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தாளோ, அல்லது அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியதால்தான் பிடிபட்டாளோ? நீங்கள் அதைப் பலமுறை கேட்டுக்கொண்டீர்கள். தாள் அதைச் சொல்லாது.

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். "உங்கட நாட்டையும் ஒல்லாந்தர், இங்கிலீஸ்காரர் ஆண்டவையெல்லோ. அங்கை அடிமையள் இருக்கேல்லையோ?"

"இல்லை. எங்கட பக்கம் அப்பிடி ஒண்டும் இல்லை" என்றேன்.

நீங்கள் நம்பினீர்கள். அடுத்த பிரதியை மடித்தீர்கள்.

போன குளிர்காலத்தில் உங்கள் மகள் நத்தாலி கடைக்கு வந்தாள். வாசலில் நின்ற விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. செத்தவீட்டன்று தேவாலயத்தில் உங்கள் கைக்குள் அந்தப் புத்தகத்தை வைத்திருந்தார்கள், கண்டேன். பிறகு ஒருநாள் நத்தாலி புதுப் பதிப்பு அடிக்கத் தந்தாள். உங்கள் பெயருக்குக் கீழே என்ன வரி போட என்று கேட்டேன். "தேடிக் கண்டுபிடித்தவள்" என்று எழுதச் சொன்னாள். பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கிறீர்கள், அக்கா. அந்தப் பிரதி ஒன்று இப்போது மாதிரிக்குத் தட்டில் இருக்கிறது. வருகிற எங்கள் ஆட்கள் படம் பார்த்துவிட்டுப் போகாமல், "ஆர் தம்பி இந்த ரொசாலி அம்மா?" என்று கேட்கிறார்கள். நான் இருந்து சொல்லுகிறேன். வேலை பிந்துகிறது என்று முதலாளி அண்ணை முறைக்கிறார், பிறகு அவரும் வந்து நின்று கேட்கிறார்.

இனி நான் சொல்லவேண்டியதைச் சொல்லுகிறேன்.

இந்த வருடம் அப்பாவின் பத்தாவது ஆண்டு நினைவு. கல்வெட்டைத் திரும்ப அடிக்கவேண்டும், புதுப் பேரப்பிள்ளைகளைச் சேர், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று தொறொன்ரோவிலிருந்து அண்ணன் எழுதியிருந்தார். பழைய கோப்பைத் திறந்தேன். நீங்கள் விரல் வைத்த அந்த வரி முன்னால் வந்து நின்றது. அதில் எழுதியிருப்பது இதுதான், அக்கா: "ஆடு மாடு, அடிமை குடிமை, வயல் தோட்டம் என எதிலும் குறைவில்லாப் பெருங்குடியில் உதித்தவர்."

மாட்டுக்கும் வயலுக்கும் நடுவில் மனிதர்கள். உங்கள் பட்டியலில் கிடாரம், கழுதை, ரொசாலி என்று வந்த அதே வரிசை. அந்தச் சொல்லை என் வீட்டுப் புத்தகத்தில் பெருமைக்காகத் தடித்த எழுத்தில் போட்ட அதே கைதான், உங்கள் புத்தகத்தில் வெட்கமென்று அதை எடுத்தது. அப்பாவின் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதே மாதிரி வேண்டும் என்று கேட்டீர்கள். உங்களிடம் நான் இரண்டு தரம் பொய் சொன்னேன்.

கட்டிலுக்குக் கீழே சூட்கேசில் அப்பாவின் ஒரு கொப்பி இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்துச் சீதன ஓலை ஒன்றை அவர் அதில் பிரதி பண்ணி வைத்திருந்தார். சின்ன வயதில் அவர் அதை எங்களுக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தது ஞாபகம். எடுத்துப் பார்த்தேன். வம்சாவளியில் எட்டாவதாக, உச்சியில் இருக்கும் பெண்ணுக்குக் கொடுத்த சீதனம். காணி இவ்வளவு, நகை இவ்வளவு, கறவை மாடு இரண்டு, அடிமை வள்ளியும் அவள் மகன் கந்தனும். ஒன்றுக்கும் கடலும் கப்பலும் தேவைப்படவில்லை, அக்கா. அடுத்த வளவிலிருந்தே எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பது வருடம் நீங்கள் தேடியது எனக்கு ஒரு சூட்கேசுக்குள் கிடந்தது, நான் திறக்கவில்லை.

அண்ணனுக்கு ரெலிபோன் அடித்தேன். அந்த வரிக்குப் பதிலாக வள்ளியின் பெயரையும் கந்தனின் பெயரையும் போடப்போகிறேன் என்றேன்.

"உனக்கென்ன விசரோ? உது எவ்வளவு காலத்துக்கு முந்தின கதை? வேணுமெண்டா வரியை எடுத்துவிடு, ஒருத்தருக்கும் தெரியாது."

"அதைத்தான் அண்ணை நான் இனிச் செய்யமாட்டன்."

"சபையில எங்கட மரியாதை என்னாகிறது? அப்பிடிப் போடுறதெண்டா என்ரை பேரையும் பிள்ளையளின்ரை பேரையும் அதில இருந்து எடு."

"நான் ஆரின்ரை பேரையும் இனி எடுக்கிறேல்லை, அண்ணை" என்றேன்.

வைத்துவிட்டார். மூன்று கிழமையாகக் கதை இல்லை. எங்களை வளர்த்தெடுத்தவர் அவர். தொறொன்ரோ போகுமுன் இங்கே இருந்தபோது என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு எடுத்ததும் அவர்தான். கவலையாகத்தான் இருக்கிறது, மறைக்கமாட்டேன். மனைவி வசந்தி, "செய்யுங்கோ. ஆனா அண்ணையைச் சமாதானப்படுத்த என்னை அனுப்பக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். பிறகு அவளே பக்கத்தில் இருந்து எழுத்துப்பிழை பார்த்தாள்.

உங்களுக்கு இருந்த துணிவு எனக்கு இல்லை. ரொசாலியோடு என்னை ஒப்பிட எனக்கு வாயே இல்லை. அவள் ஓடியதற்குக் கொடுத்த விலை ஒரு காது, நான் எழுதப்போவது ஒரு வரி. ஆனால் யார் வெட்கப்படவேண்டும் என்று அன்றைக்குக் கேட்டீர்களே, அதற்கு இத்தனை காலம் கழித்துத்தான் பதில் வருகிறது.

வள்ளி ஓடிப்போகும் பழக்கம் உடையவளா என்று எனக்குத் தெரியாது. ஓலையில் அது இல்லை. ஓடியிருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு திரிகிறேன்.

இன்று காலையில் முதல் பிரதி மெஷினிலிருந்து வந்தது. இன்னும் மை காயவில்லை. தாமரைக் கரை இல்லை, பூ ஒன்றும் இல்லை. வருகிற ஞாயிறு நத்தாலியோடு உங்கள் கல்லறைக்கு அதைக் கொண்டு வருவேன். கொலொம்போவும் வரும், அதே கோபக்காரத் தூளில் வசந்தி வைத்தது. அந்தப் பக்கத்தை விரித்து, நீங்கள் விரல் வைத்த அதே இடத்தில் நான் விரல் வைப்பேன். இந்த முறை திரும்பக் கேளுங்கள், இதில் என்ன எழுதியிருக்கு என்று. என் உடைந்த பிரெஞ்சிலேயே ஒரு சொல்லும் விடாமல் வாசித்துக் காட்டுவேன்:

"இந்தக் குடும்பம் வள்ளியையும் அவள் மகன் கந்தனையும் அடிமைகளாக வைத்திருந்தது."

வள்ளியைச் சீதனமாக வாங்கிய வீட்டுப் பிள்ளை,
உங்கள் தம்பி,
குகன்
ரூ காய், பாரிஸ்